பற்றுக்கொப்பியும் ஒன்லைன் கடையும்: சப்ரகமுவ தோட்டங்களில் கடை வைத்த கதை

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தையல் தைக்கும் மூன்று அக்காமாருக்கு ஒன்லைன் கடை ஒன்று போட்டுக் கொடுக்கிறோம் என்று நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டோம். எங்களில் யாருக்கும் கோடிங் தெரியாது. எல்லாரும் கலைப்பீடம், வரலாறு, தமிழ், சமூகவியல் என்று படிக்கிறவர்கள். கையில் காசும் பெரிதாக இல்லை. ஆனால் யூடியூப் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

நாங்கள் பயந்த பகுதி இரண்டு இரவில் முடிந்தது. போனில் எடுத்த படங்களைப் போட்டு, விலை எழுதி, பொத்தான் வைத்து, கடை தயார். மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். காட் மூலம் பணம் வாங்கும் வசதிக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் மூன்று கேள்விகள்: வியாபாரப் பதிவு இலக்கம் என்ன? வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கடையின் முகவரி என்ன?

மூன்றாவது கேள்விக்கு மூத்த அக்கா சிரித்தார். "நம்ம லயத்துக்கு ஏது தம்பி நம்பரு? ஒருக்கா சுண்ணாம்புல எழுதிட்டுப் போனாங்க, அது மழைக்கே அழிஞ்சி போச்சி."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நாங்கள் யூடியூபை மூடிவிட்டுப் புத்தகங்களைத் திறந்தோம். தோட்டத்தில் ஒருவர் கடை வைப்பதென்றால் என்ன? யாருக்கு அது முடிந்தது, யாருக்கு முடியவில்லை? இந்தக் கட்டுரை அப்படித் தேடிப் போனதில் கிடைத்ததுதான்.

துண்டு

கதை கடனில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவு, சாப்பாடு, ஊரில் அடைக்க வேண்டிய பழைய கடன் எல்லாவற்றையும் அட்வான்ஸாகக் கொடுத்து அவர்களின் கணக்கில் எழுதினார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடன்காரன். கங்காணிக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோட்டத்துத் துரையிடமிருந்து, கொஞ்சம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமிருந்து. அரிசி இறக்குமதியிலும் அவர்கள் இருந்தார்கள். ஆக, கடனும் சோறும் ஒரே சங்கிலியில் வந்தன.

இந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது; கடன்காரர்தான் மாறுவார். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இதற்குள் கடை எங்கே வருகிறது? சம்பளத்தின் தாமதத்தில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் சம்பளம் பல மாதங்கள் பிந்துவது சாதாரணம். 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாதச் சம்பளத்தை, அந்த மாதம் முடிந்து 60 நாட்களுக்குள்ளாவது கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதற்கு முந்திய நிலைமையை யோசித்துப் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் வயிறு காத்திருக்குமா? தோட்டமே அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. மற்றதெல்லாம் கடையில் பற்று. பல தோட்டங்களில் அந்தக் கடையே பெரிய கங்காணியுடையது, அல்லது அவருடைய ஆட்களுடையது. வேலைக்குப் பெயர் போடுகிறவரும் கடனைக் கொப்பியில் எழுதுகிறவரும் ஒருவரே என்றால், பருப்பு விலை கூடிப்போச்சு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. இங்கிலாந்திலேயே முதலாளிமார் காசுக்குப் பதில் சாமானையும், தங்கள் கடையில் மட்டும் செல்லும் டோக்கனையும் சம்பளமாகக் கொடுத்தார்கள். 1831இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. தங்கள் நாட்டில் தவறென்று கண்டதற்கு நெருங்கிய ஒன்றைக் குடியேற்ற நாட்டுத் தோட்டத்தில் இன்னும் 90 வருஷம் ஓடவிட்டார்கள். 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, சம்பளத்தோடு தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் ஓர் எல்லை போட வேண்டியிருந்தது. அரிசி விலையை விட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் நிர்ணயித்தால் அது ஏட்டுச் சுரைக்காய் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

புடவை மூட்டை

தோட்டம் தனியார் காணி. துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். சொந்தக்காரன் வந்தாலும் கேள்வி கேட்பார்கள். தொழிற்சங்கக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஓர் ஆளுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது: மூட்டை தூக்கிவரும் வியாபாரி.

இதைப் புரிந்து பயன்படுத்தியவர் கோ. நடேசய்யர். இலங்கைக்கு வரும் முன்பே தஞ்சாவூரில் ‘வர்த்தகமித்திரன்’ என்று வியாபாரிகளுக்கான பத்திரிகை நடத்தியவர். தோட்டங்களின் நிலைமையை நேரில் பார்க்க, புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார். பிறகு ‘தேசபக்தன்’ பத்திரிகை, 1925இல் சட்டசபை, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான சங்கம் என்று அவருடைய வேலை விரிந்தது. துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிப் பாடியே ஆட்களைச் சேர்த்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு புடவை மூட்டை இருக்கிறது என்பது எங்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பேச்சு போக முடியாத இடத்துக்குச் சரக்கு போனது. அதன் பின்னால் பேச்சும் போனது.

சப்ரகமுவ பக்கம் டவுண் கடைகள் பெருத்ததற்கு ரயிலும் ஒரு காரணம். களனிவெளிப் பாதை 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. போட்டது தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்கத்தான். திரும்பி வருகிற பெட்டியில் புறக்கோட்டை அரிசியும் கருவாடும் புடவையும் வந்தன. சம்பளத்துக்கு மறுநாள் டவுணுக்கு நடந்து போகும் பழக்கமும், டவுண் முதலாளியிடம் தனிப் பற்றுக்கொப்பியும் இப்படித்தான் வளர்ந்தன. தோட்டத்துக் கடை போதாதென்று இரண்டாவது கடன். ஆனால் இந்தக் கடன்காரருக்கு வேலையிலிருந்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. அந்த வித்தியாசம் பெரிசு. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பாதை 1976இல் மூடப்பட்டது. டவுண்களும் கொப்பிகளும் மிஞ்சின.

28 பவுண் கடை

குறைந்த காசில் கடை போடுவது எப்படி என்று கூகுளில் தேடுகிறவர்கள் ரொச்டேல் கதையைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்தில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர், ஆளுக்கொரு பவுணாக 28 பவுண் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் திகதி ஒரு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ், மெழுகுதிரி, அவ்வளவுதான் சரக்கு. இரண்டு விதிகளில் கண்டிப்பு: கலப்படம் இல்லை, கடன் இல்லை. வாங்குகிறவர்களே சொந்தக்காரர்கள், லாபம் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்பி வரும். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தச் சின்னக் கடையைத்தான் தன் பிறப்பிடமாகச் சொல்கிறது.

இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பங்கீடு வந்தபோது கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் முளைத்தன. ஆனால் அவை பெரும்பாலும் கிராமத்தவரின் நிறுவனங்களாகவே வளர்ந்தன. தோட்டத்து ஆட்களுக்கு அரிசி தோட்டத்து ஆபீஸ் வழியாகவே வந்தது. ரொச்டேல்காரர்களின் 'கடன் இல்லை' விதி நல்ல விதிதான். ஆனால் அது கையில் காசு உள்ளவனுக்கான விதி. மாதக்கடைசியில் கழிவெல்லாம் போய் மிஞ்சுவதை எண்ணுகிற குடும்பம் எந்தக் காசைக் கொண்டுபோய்ப் பங்கு போடும்?

தோட்டத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1973-74 பஞ்சம் காட்டியது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, பங்கீடு குறைந்தது, தோட்டங்களில் வேலைநாளும் குறைந்தது. மற்றவர்களுக்குக் கொல்லையில் மரவள்ளியாவது இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அந்த வருடங்களில் தோட்டங்களில் சாவு விகிதம் கடுமையாக ஏறியது. பாட்டிமார் இப்போதும் 'பஞ்ச காலம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவதைப் பார்த்திருக்கிறோம்.

முகவரி

இனி அந்த மூன்றாவது கேள்வி. கேகாலை மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் நேவ்ஸ்மியர் என்று ஒரு தோட்டம். நம் ஆட்கள் உருளவள்ளி என்பார்கள். 1946இல் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே வேலை செய்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவர்கள் போகவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. லயத்தை விட்டுப் போகாததற்காக அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு (தந்தை செல்வா அல்ல, வேறொருவர்) லண்டனில் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய், 1950இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவருடைய பிரதான நோக்கம் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதுதான், யாரையும் தொந்தரவு செய்வதல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

தன் வீட்டில் இருந்ததற்காக ஒருவர் லண்டன் வரை போய் வழக்காட வேண்டியிருந்தது. அந்த வழக்கு நடந்த காலத்திலேயே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. தேசிய அடையாள அட்டை 1972இல் வந்தபோது, பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு அது இல்லை. அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு கஷ்டம், வியாபாரப் பதிவு கஷ்டம். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எங்களில் சிலர் பிறந்த காலம் அது. ஆக, அந்தப் படிவத்தின் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதும் தகுதியே எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் முன்னால்தான் முழுசாக வந்தது.

மூன்றாவது இன்னும் வரவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயக்காம்பரா யாருடையது? பல தோட்டங்களில் இன்றைக்கும் கடிதம் ஆபீஸுக்குத்தான் வரும். பெயர், தோட்டம், டிவிசன், டவுண்: இதுதான் விலாசம். ஒரே பெயரில் ஒரே டிவிசனில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் இரண்டு வீடும் சுற்றி வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கிடைத்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியப் போனாலும், கடை நடக்கும் இடம் யாருடையது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தக் கேள்வி அதிகாரிக்குச் சாதாரணம். நமக்கு அது 1946.

டிவியிலிருந்து போனுக்கு

ஒன்லைன் கடைக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்பது எப்போதுமே முழு உண்மையில்லை. 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது ஜேன் ஸ்நோபோல் என்ற பாட்டி, டிவி ரிமோட்டை அமுக்கி மாஜரின், கோர்ன்பிளேக்ஸ், முட்டை ஓடர் செய்தார். வீட்டில் இருந்தபடி கணினி வழியாகச் சாமான் வாங்கிய முதல் ஆட்களில் அவர் ஒருவர். கஷ்டமெல்லாம் விற்கிறவர் பக்கம்தான் இருந்தது. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்: 2003இல் வேர்ட்பிரஸ், 2006இல் ஷொப்பிஃபை, 2011இல் வேர்ட்பிரஸோடு ஒட்டிக்கொள்ளும் வூகொமர்ஸ், 2018இல் சின்னக் கடைக்காரருக்கான வட்ஸ்அப் பிஸ்னஸ்.

இலங்கையில் இன்டர்நெட் வர்த்தக ரீதியாக வந்தது 1995இல். கப்ருக போன்ற ஆரம்பகாலத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து இங்குள்ள உறவுகளுக்குக் கேக்கும் பூவும் அனுப்புகிறவர்களை நம்பி வளர்ந்தன. கிராமங்களில் 'அறிவகம்' நிலையங்கள் திறந்தார்கள். மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் 2006இல் வந்தது. 2012இல் ஈசி கேஷ் வந்ததோடு போன் நம்பரே ஒரு பணப்பையானது. 2018இல் தராஸை அலிபாபா வாங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, அதுவரை இதையெல்லாம் விளையாட்டாகப் பார்த்தவர்களும் போனில் சாமான் வாங்கப் பழகினார்கள்.

'சாமான் கைக்கு வந்த பிறகு காசு' என்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம். இந்தியத் தபாலில் வி.பி.பி. முறை 1877இலேயே தொடங்கிவிட்டது. தபால்காரர் பார்சலைக் கொடுத்துக் காசை வாங்கி அனுப்பியவருக்குச் சேர்ப்பார். இலங்கையிலும் வி.பி.பி. புழக்கத்தில் இருந்தது, புத்தகமும் மருந்தும் அப்படி வரவழைத்த தாத்தாமார் இருக்கிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அந்த முறைக்கு அடிப்படை ஒன்றுதான்: பார்சல் சரியான வாசலுக்கு வர வேண்டும்.

நாங்கள் செய்தது

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெப்சைட்டில் தொடங்காதீர்கள். வட்ஸ்அப் பிஸ்னஸ் கட்டலொக்கும் ஒரு பேஸ்புக் பக்கமும் முதல் மாதங்களுக்குப் போதும். டேட்டாவைத் தவிரச் செலவில்லை. பகல் வெளிச்சத்தில், ஒரே நிறத் துணியை விரித்து அதன்மேல் வைத்துப் படம் எடுங்கள். அளவைச் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் விவரம் போடுங்கள். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊர்ச் சிங்கள அக்காமார்தான்.

ஓடர் தொடர்ந்து வந்தால் மட்டும் வேர்ட்பிரஸும் வூகொமர்ஸும். மென்பொருள் இலவசம், டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும்தான் வருடாவருடம் காசு. முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் வருட விலையையும் கேளுங்கள். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2010 முதல் இருக்கிறது. ஆசையாக இருந்தது, ஆனால் வாடிக்கையாளர் டைப் பண்ணக் கஷ்டப்படுவார் என்று விட்டுவிட்டோம். காட் வசதிக்குப் பதிவு தேவைப்பட்டதால் வங்கிக்குக் காசு போட்டுச் சிட்டையைப் படம் பிடித்து அனுப்பும் முறையில் தொடங்கினோம்.

விலை போடும்போது தைத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி அக்காமாரோடு சண்டை பிடித்தோம். இருவர் முன்பு அவிசாவளையில் சீதாவாக்கை ஏற்றுமதி வலயத்தில் கார்மென்டில் வேலை செய்தவர்கள். ஒரு பையைத் தைக்க எத்தனை நிமிஷம் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்துக்கு விலை கேட்க வாய் வரவில்லை. 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே எத்தனை வருடப் போராட்டம் என்று பார்த்தவர்கள் அவர்கள். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லும் பழக்கம் ஒரு நாளில் வருமா?

முகவரிக்கு டவுணில் ஒரு பலசரக்குக் கடை முதலாளி கைகொடுத்தார். "என் கடை விலாசத்தைப் போட்டுக்கங்க, பார்சல் இங்க கெடக்கட்டும்" என்றார். அக்காமாரின் அப்பா காலத்திலிருந்து பற்று எழுதுகிற அதே கடை. நன்றியும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

கொப்பி யாரிடம்

இவ்வளவும் படித்தபின் எங்களுக்குத் தோன்றுவது இதுதான். தோட்டத்தில் எந்தக் காலத்திலும் சரக்கைவிட முக்கியமாக இருந்தது கணக்கு. துண்டு கங்காணியிடம், செக்ரோல் ஆபீஸில், பற்றுக்கொப்பி முதலாளியிடம். எழுதப்பட்டவர் கையில் ஒரு பிரதிகூட இல்லை. ஒன்லைனிலும் இதே கேள்வி உண்டு. பெரிய சந்தைத் தளங்களில் கடை போடுவது சுலபம், கூட்டமும் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலும், காசு எப்போது கைக்கு வரும் என்பதும், பொருள் எத்தனையாவது பக்கத்தில் தெரியும் என்பதும் அவர்கள் கையில். அதற்காக அதைக் கங்காணி முறை என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் துண்டு கேட்கமாட்டார்கள். என்றாலும் யார் வாங்கினார், என்ன வாங்கினார், எந்த நம்பர் என்று தனியாக ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும் என்பதே எங்கள் பாடம். மூத்த அக்கா அதை ஒரு சீஆர் கொப்பியில் எழுதுகிறார். முதல் பக்கத்தில் தன் பெயரைப் பெரிசாக எழுதி, கீழே தோட்டத்தின் பெயரையும் லயத்தில் தன் காம்பராவின் எண்ணையும் எழுதியிருக்கிறார். எண்ணை அவரே போட்டுக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் பழைய பற்றுக்கொப்பி, சம்பளச் சிட்டை, அரிசிக் கூப்பன் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். எந்த வருடம் பருப்பு என்ன விலை, எந்த மாதம் கடன் ஏறியது, எந்த மாதம் வீட்டில் சாவு விழுந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. எங்களுக்கு நூலகத்தில் கிடைத்தவை பெரும்பாலும் சட்டங்களின் திகதிகள்தான். மிச்சக் கதை உங்கள் வீட்டில் இருக்கிறது.